கலமும் பொருளும்

எழுத்தைப் பேணுதல் என்பது அவ்வெழுத்து எதன்மேல் இருக்கின்றதோ அதனைப் பேணுதலே எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. ஏட்டின் காலத்தில் ஏட்டையும் தாளின் காலத்தில் தாளையும் கறையானிலிருந்து காத்தோர் இவ்வெண்ணத்துடனேயே செயற்பட்டனர். ஆயினும் ஏடுகள் காக்கப்பட்டமையால் மாத்திரம் பழந்தமிழ் நூல்கள் எஞ்சவில்லை. ஏடு பழுதடையுமுன் இன்னோர் ஏட்டிற் பெயர்த்தெழுதப்பட்டமையினாலேயே அவை எஞ்சின. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832-1901) 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது செய்ததும் ஒரு கலத்திலிருந்த பொருளை வேறொரு கலத்துக்கு மாற்றும் பணியே. இவ்வுண்மை கணினியின் காலத்திலும் மாறிவிடவில்லை. அதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கமொன்றின் அறையிலே, பழைய மேசைக் கணினியொன்றின் முன் அமர்ந்திருந்த கலைப்பீட மாணவி ஒருத்தி 2024இல் அறிந்துகொண்ட வரலாறு ஈண்டு கூறப்படுகின்றது.

சங்கத்தின் பழைய ஆண்டு மலர்கள் அறையின் இரும்பு அலுமாரியிற் கிடந்தன. தைத்த கம்பிகள் துருவேறி, துரு தாளிலும் படர்ந்திருந்தது. சில ஆண்டுகளுக்குரிய மலர்கள் அலுமாரியிலும் இல்லை, நூலகத்திலும் இல்லை. இவற்றையெல்லாம் தட்டெழுதி இணையத்தில் ஏற்றுவதென அவ்வாண்டின் செயற்குழு தீர்மானித்தது. தீர்மானத்தை நிறைவேற்றும் பொறுப்பு தமிழ்ச் சிறப்புக்கலை மூன்றாம் வருடத்தில் இருந்த அம்மாணவியிடம் வந்து சேர்ந்தது. அவள் கணினி கற்றவளல்லள். வேறெவரும் முன்வரவில்லை என்பதே அவள் தெரிவுசெய்யப்பட்டமைக்குக் காரணம்.

எங்கும் கிடைக்காத மலரொன்றை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம்மிடம் வைத்திருந்தார். அவர் அச்சங்கத்தின் பழைய உறுப்பினர். "இதை நான் இவ்வளவு காலமும் வைச்சிருக்கிறது ஒரு கட்டுரைக்காகத்தான், பிள்ளை" என்று சொல்லிப் பழுப்புத் தாளிற் சுற்றிக் கொடுத்தார். எந்தக் கட்டுரை என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கனடாவிலுள்ள மகளிடம் செல்வதற்கு அவர் ஆயத்தமாகிக்கொண்டிருந்த காலம் அது. தட்டெழுதி முடிந்ததும் மலர் அவரிடம் மீண்டது, அவருடன் கடலும் கடந்தது.

இணையத்தில் ஒரு மலரை ஏற்றுவதற்கு ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே கணினி மொழியில் எழுதவேண்டிய நிலை முன்னர் இருந்தது. அத்தொல்லையை நீக்குவதற்கு எழுந்தவையே உள்ளடக்க முகாமைத்துவ முறைமைகள். அவற்றுள் இன்று மிகப் பரவலாகப் பயன்படுவது வேர்ட்பிரெஸ். மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர், கைவிடப்படும் நிலையிலிருந்த வேறொரு மென்பொருளை அடியாகக் கொண்டு இதனை உருவாக்கி 2003 மே மாதத்தில் வெளியிட்டனர். எவரும் விலையின்றிப் பெற்றுத் திருத்திக்கொள்ளத்தக்க உரிமத்தின் கீழ் அது வழங்கப்படுகின்றது. எழுதுவோர் கட்டுரையைத் தட்டெழுதிப் பொத்தானை அழுத்தினாற் போதும், பக்கத்தை முறைமையே அமைத்துக்கொள்ளும்.

ஆயின் இம்முறைமை ஒரே பொருளன்று. அதிலே மூன்று பகுதிகள் உள. பக்கங்களை ஆக்கித்தரும் நிரல்கள் ஒன்று. கட்டுரைகளின் எழுத்து முழுவதையும் தாங்கும் தரவுத்தளம் மற்றொன்று. ஏற்றப்படும் ஒளிப்படங்கள் கிடக்கும் கோப்புறை இன்னொன்று. நிரல்களை உலகின் எப்பகுதியிலிருந்தும் மீண்டும் பெறலாம். ஏனைய இரண்டும் அவ்வழங்கியில் மட்டுமே உள்ளவை. இவ்வேறுபாட்டை அவள் தொடக்கத்தில் அறிந்திருக்கவில்லை.

முறைமையை நிறுவித் தந்தவன் விஞ்ஞான பீடத்து நண்பன் ஒருவன். பழைய மேசைக் கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை இட்டு, அதன்மேல் டொக்கர் என்னும் கருவியினாலே கொள்கலன்களை அமைத்தான். கொள்கலன் என்னும் பெயர் துறைமுகத்திலிருந்து வந்தது. 1956 ஏப்ரல் 26ஆம் திகதி, மல்கம் மக்லீன் என்பவரின் ஏற்பாட்டில், 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹியூஸ்டனுக்கு 58 பெட்டிகளைச் சுமந்து சென்றது. அதுவரை மூடை மூடையாக, பீப்பா பீப்பாவாகத் தோளிலும் பாரந்தூக்கியிலும் ஏறியிறங்கிய சரக்கு, அதன்பின் உள்ளே என்ன இருக்கின்றதென எவரும் பார்க்கத் தேவையில்லாத ஒரே அளவுப் பெட்டிகளில் அடங்கலாயிற்று. துறைமுகத் தொழிலாளர் பலரின் வேலை அதனோடு போயிற்று. அத்தொழிலாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே பின்னர் இம்மென்பொருளுக்குப் பெயராயிற்று என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கணினியிற் கொள்கலனின் கருத்து படிப்படியாக வளர்ந்தது. ஒரு நிரலுக்குக் கோப்புத் தொகுதியின் ஒரு மூலையை மட்டும் காட்டி, அதுவே முழு உலகம் என நம்பச் செய்யும் வழி யுனிக்ஸ் முறைமையில் 1979இல் தோன்றிவிட்டது. பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸில், ஒவ்வொரு நிரற்கூட்டமும் எவ்வளவு நினைவகத்தைப் பயன்படுத்தலாம் என்பதை வரையறுக்கும் ஏற்பாடு 2008இற் சேர்ந்தது. இவற்றையெல்லாம் ஒருங்கிணைத்து எவரும் இலகுவிற் கையாளத்தக்கதாக்கிய டொக்கர் 2013 மார்ச்சில் வெளியுலகுக்கு அறிமுகமாயிற்று. ஒரு மென்பொருளும் அது இயங்குவதற்கு வேண்டிய துணைகளும் 'படிமம்' என்னும் மாறாத பொதியாகக் கட்டப்படுகின்றன. படிமத்திலிருந்து எழுப்பப்படும் இயங்கு நிலையே கொள்கலன். அச்சுப் பலகையும் அதிலிருந்து இழுத்த தாளும் போல என இதனை விளங்கிக்கொள்ளலாம். தாள் கிழிந்தால் இன்னொன்றை இழுக்கலாம். இழுத்த தாளில் எவரேனும் கையால் எழுதிய குறிப்பு புதிய தாளில் வாராது. இந்தப் பிற்பகுதியை நண்பன் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கவும் மாட்டாது.

நிறுவும் வேலையிலேயே அவளுக்கு முதற் பாடம் கிடைத்தது. வேர்ட்பிரெஸ் ஒரு கொள்கலனிலும், மரியாடிபி என்னும் தரவுத்தளம் இன்னொரு கொள்கலனிலும் இயங்கின. தரவுத்தளம் எங்குள்ளது என்ற வினாவுக்கு அவள் 'இக்கணினியிலேயே' எனப் பொருள்படும் வழக்கமான விடையை இட்டாள். தரவுத்தளத்துடன் தொடர்புகொள்ள முடியவில்லை என்னும் ஒற்றை வரி வெள்ளைத் திரையிற் தோன்றியது. ஒரு கொள்கலனுக்குள் 'இங்கு' எனின் அக்கொள்கலன் மட்டுமே. அடுத்த கொள்கலன் அதே இரும்புப் பெட்டிக்குள் இருப்பினும் அது அயல் வீடுதான். இரண்டையும் ஒரே வலையமைப்பிற் சேர்த்து, தரவுத்தளக் கொள்கலனை அதன் பெயர் சொல்லி அழைத்தபின்னரே முறைமை இயங்கிற்று. நண்பன் கட்டளைகளை ஒரு தாளில் எழுதித் தந்துவிட்டுக் கொழும்பில் தொழிற்பயிற்சிக்குப் போனான்.

அதன்பின் ஆறு வாரம் அவள் தட்டெழுதினாள். முன்னைய ஆண்டுகளில் எவரோ தட்டெழுதிய சில கட்டுரைகள் பாமினி எழுத்துருவில் இருந்தன. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்கள் அமர்ந்திருக்கும். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற உரோம எழுத்துகளாகவே தெரியும். யுனிகோட் முறையிலோ தமிழெழுத்துகளுக்கு அவற்றுக்கேயுரிய எண்கள் உள. எழுத்துரு மாறினும் எழுத்து மாறாது. ஆகவே பாமினிக் கட்டுரைகளை மாற்றி, மாற்றத்திற் பிழைத்த கொம்புகளையும் கால்களையும் ஒவ்வொன்றாகத் திருத்தினாள். ஆசிரியர் இரவலாகத் தந்த மலரை முழுவதும் கையாலேயே தட்டெழுதினாள். அதன் பக்கங்களைக் கையடக்கத் தொலைபேசியிற் படமெடுத்து வழங்கியில் ஏற்றினாள். பின்னர் தொலைபேசியில் இடம் போதாமையால் அப்படங்களை அதிலிருந்து அழித்துவிட்டாள். இவ்வாறு 37 கட்டுரைகள் சேர்ந்தன.

முறைமையை வெளியுலகுக்குத் திறக்குமுன், நிறுவியபோது இட்ட எளிய கடவுச்சொல்லை மாற்றவேண்டும் என நண்பனின் தாள் கூறியது. அதற்கென அவன் எழுதியிருந்த வழி இது: இரு கொள்கலன்களையும் நிறுத்துக, நீக்குக, புதிய கடவுச்சொல்லுடன் மீண்டும் எழுப்புக. அவள் அவ்வாறே செய்தாள். கட்டளைகள் எவையும் பிழை காட்டவில்லை. உலாவியைத் திறந்தபோது, எம்மொழி வேண்டும் எனவும் இத்தளத்துக்கு என்ன பெயர் எனவும் வேர்ட்பிரெஸ் வினவியது. முதல் நாளில் அது கேட்ட அதே வினாக்கள். ஆறு வாரத்தின் உழைப்பை அது அறிந்ததாகவே தோன்றவில்லை.

அன்றிரவு அவள் விடுதிக்குத் திரும்பவில்லை எனச் சங்கத்தார் பின்னாளிற் கூறுவர். தன் உழைப்புப் போயிற்று என்பதிலும், தன்னை நம்பித் தந்த ஒருவரின் ஒரே பிரதியைத் தான் பெயர்த்தெழுதியும் இழந்தாள் என்பதே அவளை வருத்தியது. மலர் கனடாவில் எப்பெட்டிக்குள் இருக்கின்றதோ. வயது முதிர்ந்தவரிடம் மீண்டும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புமாறு எம்முகத்துடன் கேட்பது? விடிந்ததும் நண்பனுக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னாள். மறுமுனையிற் சிறிது நேரம் ஓசையில்லை. பின்னர், "இனி ஒண்டையும் அழிக்காதையும். அது உள்ளுக்குத்தான் கிடக்கும்" என்றான்.

அவன் கூறியது உண்மை. கொள்கலனொன்று இயங்கும்போது எழுதப்படுபவை, படிமத்தின் மேல் விரித்த மெல்லிய ஏடொன்றிலே பதிகின்றன. கொள்கலனை நிறுத்தினாலும் அவ்வேடு இருக்கும். நீக்கினாலோ அதனோடு அழியும். ஆயினும் தரவுத்தளப் படிமத்தை ஆக்கியோர் இவ்வாபத்தை முன்னறிந்து, தரவு கிடக்கும் கோப்புறையை மட்டும் கொள்கலனுக்கு வெளியே, தனிச் சேமிப்புத் தொகுதியொன்றில் வைக்குமாறு படிமத்திலேயே விதித்திருந்தனர். வேர்ட்பிரெஸ் படிமத்திலும் அதே விதி உண்டு. பயனர் அத்தொகுதிக்குப் பெயரிடாவிடின் டொக்கர் தானே ஒன்றை ஆக்கி, 64 குறியீடுகளால் ஆன நீண்ட அடையாளமொன்றை அதற்கு இடும். புதிய கொள்கலன் எழும்போது அது பழைய தொகுதியைத் தேடாது. பெயரில்லாததைத் தேடுவதற்கு வழியும் இல்லை. ஆதலின் வெற்றுத் தொகுதியொன்றைப் புதிதாக ஆக்கிக்கொள்ளும். பழையது எவருக்கும் உரியதாகாமல் வட்டின் ஒரு மூலையிற் கிடக்கும்.

தொகுதிகளின் பட்டியலை அவள் கேட்டாள். நண்பன் தொடக்கத்திற் செய்து பார்த்த முயற்சிகளின் எச்சங்களும் சேர்ந்து 11 தொகுதிகள் திரையில் வரிசையாக நின்றன. எண்களும் எழுத்துகளும் விரவிய அடையாளங்களில் ஒன்றையேனும் மனிதர் வாசித்து இனங்காணல் அரிது. பருமனைக் கொண்டு ஒப்பிட்டாள். பின்னர் ஒவ்வொன்றின் உள்ளும் நோக்கினாள். ஒன்றிலே, ஆண்டும் மாதமுமாகப் பிரிந்த கோப்புறைகளுக்குள் மலரின் பக்கப் படங்கள் இருந்தன. மற்றொன்றிலே சங்கத்தின் பெயரால் அமைந்த தரவுத்தளம் இருந்தது. அவற்றைத் தொடுமுன் இரண்டையும் வேறிடத்துக்குப் பிரதிசெய்தாள். நண்பன் அதனைக் கூறவில்லை. ஓர் இரவின் அச்சம் அதனைக் கற்பித்திருந்தது.

பழைய தொகுதிகளைப் புதிய கொள்கலன்களோடு இணைத்தபோதும் தளம் உடனே திறக்கவில்லை. தொடர்புகொள்ள முடியவில்லை என்னும் அதே வரி மீண்டும் தோன்றியது. புதிய கடவுச்சொல்லை வெளியிலிருந்து எத்தனை முறை இட்டாலும், தரவுத்தளம் அதனை ஏற்பது வெற்றுத் தொகுதியில் முதன்முதலாக எழும்போது மட்டுமே. தரவு நிறைந்த தொகுதியோ தன் பழைய கடவுச்சொல்லைத் தனக்குள்ளேயே கொண்டிருந்தது. எனவே பழையதை இட்டு உள்ளே சென்று, தரவுத்தளத்துக்குள்ளிருந்தே அதனை மாற்றியபின் வேர்ட்பிரெஸுக்கும் புதியதை அறிவித்தாள். நண்பனின் தாளிலிருந்த வழி அடிப்படையிலேயே பிழையானது என்பது இதனாற் புலனாயிற்று. 37 கட்டுரைகளும் இருந்தன.

பின்னர் அவள் யாவற்றையும் ஒழுங்காக அமைத்தாள். எக்கொள்கலன், எப்படிமம், எத்தொகுதி என்பவற்றை ஒரே கோப்பில் எழுதி, அக்கோப்பின்படி எழுப்பும் முறையைக் கைக்கொண்டாள். இரு தொகுதிகளுக்கும் வாசித்து அறியத்தக்க பெயர்களை இட்டாள். இப்பெயரிடுதல் ஒழுங்கின் பொருட்டு மட்டுமன்று என்பதைக் கையேடுகளை வாசித்தபோது அறிந்தாள். பயன்படாத் தொகுதிகளைத் துப்புரவாக்கும் கட்டளையொன்று டொக்கரில் உண்டு. 2023இல் வெளிவந்த 23ஆம் பதிப்பு முதல், வேறு பணிப்பு இல்லாவிடின், அது பெயரற்ற தொகுதிகளை மட்டுமே அழிக்கின்றது. பெயரிட்டவற்றைத் தொடுவதில்லை. இடம் வேண்டுமென அவள் அன்று அக்கட்டளையை இட்டிருப்பின், எந்தக் கொள்கலனோடும் சேராதிருந்த அவ்விரு தொகுதிகளும் குப்பையென்றே கருதப்பட்டு அழிந்திருக்கும்.

பெயரிட்ட தொகுதியும் ஒரே வட்டிலேயே இருக்கின்றது. வட்டுப் பழுதானால் பெயரும் உதவாது. ஆதலின் தரவுத்தளத்தை எழுத்துக் கோப்பாக இறக்கி, படங்களோடு சேர்த்து, வாரமொருமுறை வேறொரு கணினிக்கு அனுப்பும் ஒழுங்கையும் செய்தாள். அவ்வாறு இறக்கிய கோப்பு பயன்படுமா என்பதை வெற்றுக் கொள்கலனொன்றில் ஏற்றியும் பார்த்தாள். மீட்டுப் பாராத பிரதியைப் பிரதியென நம்புதல் தகாது என்பது அவளுடைய துணிபு.

எல்லாம் முடிந்தபின், தளத்தை ஒரு வாசகரைப் போல முதன்முறையாகத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு கட்டுரையின் கீழும் எழுதியவர் பெயர் இருந்தது. 37 கட்டுரைகளிலும் அது ஒரே பெயர், அவளுடைய பெயர். முறைமைக்குள் நுழைந்து தட்டெழுதுபவரையே ஆசிரியராகக் கொள்வது வேர்ட்பிரெஸின் இயல்பு. வேறு பணிப்பில்லாதபோது அது வேறென்ன செய்யும்? அரை நூற்றாண்டுக்கு முன்னர் வேறொருவர் சிந்தித்தவை அவளுடையனவாகத் திரையில் நின்றமை, அவற்றை இழந்த இரவைவிட அவளைக் கூச வைத்தது. மலர்களைப் பார்த்து ஒவ்வொருவரின் பெயரையும் முறைமையிற் சேர்த்து, கட்டுரைகளை உரியவர்களிடம் ஒப்படைத்தாள்.

36 கட்டுரைகளுக்குப் பெயர் கிடைத்தது. ஒன்றின் அடியில் 'கலைப்பீடம், மூன்றாம் வருடம்' என்று மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது. அது ஆசிரியர் இரவலாகத் தந்த மலரில் வந்தது. கிராமப் பாடசாலையொன்றிற்குப் புத்தகப் பெட்டி சுமந்து சென்றவர்களைப் பற்றிய கட்டுரை. நடந்தவற்றைத் தயங்காமல் அவருக்கு மின்னஞ்சலில் எழுதினாள். கட்டுரைகள் காணாமற் போனதையும் மீண்டதையும் மறைக்கவில்லை. இறுதியில், அக்கட்டுரையை எழுதியவரை அவர் அறிவாரா எனக் கேட்டிருந்தாள். மூன்றாம் நாள் மறுமொழி வந்தது. அதிலே ஒரு பெயரும், அது விடுதியிலே தம்மோடு ஒரே அறையில் இருந்தவருடையது என்னும் குறிப்பும், அவர் இப்போது இல்லை என்னும் செய்தியும் மாத்திரம் இருந்தன. எக்கட்டுரைக்காக மலரைப் பேணிவந்தார் என அவள் மீண்டும் கேட்கவேண்டிய தேவை எழவில்லை. அப்பெயரை அவள் உரிய இடத்தில் இட்டாள்.

அவ்வாண்டு முடிவிலே அவள் பொறுப்பை அடுத்தவர்களிடம் கையளித்தாள். நண்பன் தந்த தாளுக்குப் பதிலாகப் புதிய தாளொன்று இரும்பு அலுமாரியின் உட்கதவில் ஒட்டப்பட்டது. கட்டளைகள் அதன் பிற்பாதியிலேயே வருகின்றன. முற்பாதியில், எவற்றை நீக்கலாம், எவற்றை நீக்கலாகாது, நீக்கலாகாதவை எப்பெயரில் எங்குள்ளன, அவற்றின் பிரதி எவரிடம் உள்ளது என்பன எழுதப்பட்டுள்ளன. கணினி பழுதாகும். கொள்கலன்கள் நாளை வேறு வடிவம் பெறும். வேர்ட்பிரெஸும் ஒரு நாள் வழக்கொழியலாம். அப்போது இம்மலர்களை இன்னொரு கலத்துக்கு மாற்றவேண்டியிருக்கும். மாற்றவேண்டியது எதுவென அப்பணிக்கு வருபவர் அறிந்திருப்பாராயின், அத்தாள் தன் கடமையைச் செய்ததாகும்.